காமு பூ பார்க்கப் போனாள்

காமுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள் மேல் இல்லை. அறுபத்து மூன்று வயசுப் பெண்பிள்ளை, வெளியில் பூப் பூத்திருப்பதைப் பார்க்கப் போவதற்குப் பெருமாளைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியிருக்கிறதே, அந்த வயிற்றெரிச்சல்.

சிட்லபாக்கத்தில் அவள் எனக்கு எதிர்வீடு. தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால் சனிக்கிழமை காலையில் வீட்டில் கால் தரிக்காது. தாம்பரத்தில் பஸ் மாறி, அகரம்தென் தாண்டி ஒரு தரிசு நிலத்துக்குப் போவாள். தும்பை, கொழுஞ்சி, கிலுகிலுப்பை, தரையோடு தரையாக நீலத்தில் விஷ்ணுகிரந்தி. ஒன்றையும் பறிக்க மாட்டாள். அங்கிருக்கும் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

வீட்டில் சொல்வது மட்டும் "கோயிலுக்குப் போறேன்". திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டுப் பிள்ளையாரிடம் குங்குமம் இட்டுக்கொள்வாள்.

"நெத்தில பொட்டு இருந்தா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாடி பாலா" என்று சிரிப்பாள்.

நானும் கேட்டவர்களிடமெல்லாம் கோயில் என்றே சாதித்தேன். வேறென்ன செய்ய? கோயிலில் நாலு மணி நேரம் நின்றால் புண்ணியவதி. பூப் பார்க்க அரை மணி உட்கார்ந்தால் புத்தி பிசகினவள். என்ன நியாயமோ, கண்றாவி!

போன சனிக்கிழமை அவள் பிள்ளை அனிருத் என் வாசலில் வந்து நின்றான். அம்மாவுக்குத் தெரியாமல் அவள் போனில் லொகேஷன் போட்டு வைத்திருந்தானாம்.

"மாமி, அம்மா கோயில்ல இல்லை. ஏதோ பொட்டல்ல இருக்கா. ஒரு மணி நேரமா நகரவே இல்லை, போனும் எடுக்கலை!"

எனக்கும் திக்கென்றது. அவன் காரில் ஏறினேன். போய்ப் பார்த்தால், மகராசி மதகில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"பாம்பு கீம்பு கடிச்சா? எவனாவது சங்கிலிய அறுத்துண்டு போனா? நாலு பேர் கேட்டா என்ன சொல்றது, எங்கம்மா களையப் பாத்துண்டு ஒக்காந்திருக்கான்னா? இனிமே சனிக்கிழமை எங்கயும் போக வேண்டாம்!" என்று கத்தினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ என்ன பார்சலாடா, எங்க போறது எங்க போறதுன்னு பாத்துண்டே இருக்க?"

அவன் குரல் இறங்கியது. "அதுக்கில்லை மாமி. பூ பாக்கணும்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

காமு அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சொன்னேனேடா. ரிடையர் ஆன மார்கழியிலயே சொன்னேன். நீ பால்கனில நாலு தொட்டி வாங்கி வெச்சே."

அனிருத் மணி பார்த்தான். "சரிம்மா, அடுத்த வாரம் நானே கார்ல கூட்டிண்டு வரேன். கால் மணி பாத்துட்டுப் போயிடலாம்" என்றான்.

"வேண்டாம். எனக்கு பஸ் இருக்கு. நீ கிளம்பு. கேக்கறவாகிட்ட அம்மா பூ பாக்கப் போயிருக்கான்னு சொல்லு."

"அவன் போகட்டும், நான் துணைக்கு இருக்கேன்டி" என்றேன்.

"நீயும் போயேன்டி" என்றாள்.

அவள் மேலேயே கோபம் வந்தது. காரில் ஏறிக்கொண்டேன்.