மாவுக்கட்டு அண்ணன்

பச்சைக் குழந்தைக்குச் சில்லென்றிருக்குமே என்று, மாவுக்கட்டு நனைக்கும் தண்ணீரை அந்த அண்ணன் வெதுவெதுப்பாக்கித்தான் வைப்பார். நான் அந்த வார்டைப் பெருக்குகிறவள். பாதம் வளைந்து பிறந்த குழந்தைகளுக்கு அவர்தான் காலை நிமிர்த்திக் கட்டுவார்.

ஒருநாள் கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்தபோது ஒரு குழந்தையின் கால் எலும்பில் விரிசல் இருந்தது. பெற்றவள் அடித்திருப்பாள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் பிள்ளையை அவளிடமிருந்து பிரிக்கப் பார்த்தார்கள்.

"அந்தப் பொண்ணை விடுங்க. நான் நிமிர்த்தினப்போ விரிசல் விட்டிருக்கும்" என்றார் அண்ணன்.

டாக்டரும் எக்ஸ்ரேயைப் பார்த்து, அப்படி நேர்வதுண்டு, யார்மேலும் குற்றமில்லை என்றார். பிள்ளை தாயிடமே இருந்தது. அண்ணன்தான் அதன்பின் எந்தக் குழந்தையின் காலையும் தொடவில்லை. வேலையை விட்டுவிட்டார்.

"உங்க மனசை ஆண்டவன் அறிவான், அண்ணே" என்றேன் வாசலில்.

"அறிவான்மா. அந்தப் பிஞ்சு வீறிட்டப்போ, எல்லாப் பிள்ளையும் அழுறதுதானேன்னு இருந்துட்டேனே" என்றார்.