குருநகர் வீட்டில் குராசோ அரசாங்கம்

காலையில் நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் நண்பகலில் காங்கேசன்துறையில் இறக்கிவிட்டது. கப்பலில் பழகிய ஒரு தம்பதியோடு நானும் வேனில் தொற்றிக்கொண்டேன். யூட், யாழ்ப்பாணக் கரையோரக் குருநகரின் மீனவர் வீட்டுப் பிள்ளை. கரீபியன் கடலில் குராசோ என்ற தீவில், துறைமுகத்துக்குள் கப்பல்களை இழுத்துவரும் படகில் வேலை. மனைவி மிரெல்லா அந்தத் தீவுக்காரி, அங்குள்ள சட்டமன்றத்தில் எழுத்தர். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு மாமனார் மாமியாரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறாள். நான் புதுச்சேரிக்காரன், சட்டமன்றம், ஆளுநர் என்று காதில் விழுந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

யாழ்ப்பாண நகரம் பதினெட்டு கிலோமீட்டர். வழியெல்லாம் செம்மண் தோட்டங்களும் வேலி அடைத்த வீட்டு வளவுகளும். நான் பார்த்தது பாதி, கேட்டது மீதி. குராசோ தனிநாடும் அல்ல, மாகாணமும் அல்ல என்றாள் மிரெல்லா. நெதர்லாந்து முடியரசுக்குள் அது ஒரு தன்னாட்சி நாடு. இருபத்தோரு பேர் சபை, சொந்தப் பிரதமர், சொந்த வரி, சொந்தப் பள்ளிக்கூடம். பாதுகாப்பும் வெளியுறவும் மட்டும் முடியரசின் பொறுப்பு. அரசரின் பெயரில் ஓர் ஆளுநர் உண்டு.

யூட் என் பக்கம் சாய்ந்தார். "அப்பா எனக்கெண்டு புதுப் படகு வாங்கி வைச்சிருக்கிறார் அண்ணை. நாங்கள் திரும்பிப் போறம் எண்டதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

இரண்டு மணிக்குக் குருநகர். வேன்காரர் தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு இலங்கை ரூபாய் வாங்கினார். ஏழு வருடமாக மகனைக் காணாத மேரியம்மா, மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னையும் சாப்பிட உட்காரவைத்தார்கள். சோறு, நண்டுக் குழம்பு. அப்பா யாக்கோப்புக்கு எழுபத்திரண்டு வயது. மருமகளின் நிறத்தைப் பற்றியோ மொழியைப் பற்றியோ கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு, இலங்கைத் தமிழர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் அதிகாரங்களைப் பற்றி.

"பிள்ளை, உங்கடை தீவிலை காணி அதிகாரம் ஆரின்ரை கையிலை?"

யூட் மொழிபெயர்த்தார். தீவின் கையில்தான் என்றாள் மிரெல்லா.

"பொலிஸ்?"

அதுவும்.

"கடல்?"

மிரெல்லா கொஞ்சம் யோசித்து, போர்க்கப்பல்கள் நெதர்லாந்தினுடையவை என்றாள். அவர் முகம் சுருங்கியது.

"தொழிலுக்குப் போறவனை மறிக்கிறவங்களோ?"

"இல்லை அப்பா. கடத்தல்காரரைத்தான்" என்றார் யூட்.

"அப்ப தனிநாடு கேக்கேல்லையோ?"

கேட்டவர்களும் உண்டு என்றாள் மிரெல்லா. வாக்கெடுப்பு வைத்தார்களாம். முடியரசுக்குள் இருந்துகொண்டே தனி அரசாங்கம் வேண்டும் என்றவர்களே அதிகமாம்.

யாக்கோப்பு சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "சனத்தைக் கேட்டிருக்கினம்" என்றார்.

மகனின் முகத்தையே பார்த்திருந்த மேரியம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "படகு வாங்கேக்கை நீங்கள் இவனை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? இப்ப கேப்பம். பிள்ளையள் இஞ்சையே இருக்கோணும் எண்டுறவை கையைத் தூக்குங்கோ."

யாக்கோப்பு உடனே தூக்கினார். யூட் மிரெல்லாவுக்கு மொழிபெயர்த்தார்; இருவரும் அசையவில்லை. வெளியாளான எனக்கு வாக்கு இல்லை, எண்ணுவது என் வேலை. மேரியம்மாவும் தூக்கினால் இரண்டுக்கு இரண்டு. அவர் மடியில் இருந்த கையை எடுக்கவில்லை.

"போகட்டும் எண்டுறவை?" என்று அவரே கேட்டார். பிள்ளைகள் இருவரும் தயங்கித் தயங்கிக் கை தூக்க, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தானும் தூக்கினார்.

"சபையின்ரை முடிவு ஆளுநருக்குப் பிடிக்காட்டி?" என்று மருமகளைக் கேட்டார் யாக்கோப்பு.

"கையெழுத்து வைக்காமல் அரசருக்கு அனுப்பலாம். பெரும்பாலும் வைத்துவிடுவார்" என்றாள் மிரெல்லா, யூட் வழியாக.

யாக்கோப்பு எழுந்துபோய்க் கை கழுவினார்.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். எங்கள் ஊரில் ஆளுநரும் அமைச்சர்களும் இழுபறிப்படுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். தோற்றவர் விருந்தாளியை வழியனுப்பத் தெருமுனை வரை வந்து அங்கே பார்த்ததில்லை. இங்கே யாக்கோப்பு வந்தார்.

"தம்பி, உந்த வாக்கெடுப்பைத் திருப்பி எப்ப வைக்கலாம்?"

"எங்க ஊர் தேர்தல்னா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைங்க."

மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். "எழுபத்தேழு" என்றார். "சரி. அதுவரைக்கும் இருப்பன்."