புல்லுத்தரையில கெடந்த வெள்ளத்துணி

ஒரு பிளேனைத் தனியாளா தரையில எறக்கினவன் நான். சரி, பொய். அது ஒழுங்கா எறங்காமப் பண்ணப் பாத்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பதுக்கு முந்தி, எனக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடம் போகாததால மூளை புதுசாவே இருந்துச்சு.

நாங்க மலையாளக் கரையில, மட்டாஞ்சேரியில துணி வெளுக்குற குடும்பம். ஞாயித்துக்கெழம மைதானத்துல பந்து வெளயாடுவாங்க, காயப்போட எடமிருக்காது. மூட்டையோட படகுல ஏறி எதிர்க்கரை வைப்பின் தீவுக்குப் போயிருவோம். அங்க வெள்ளக்காரன் சண்டக்காலத்துல சமப்படுத்திட்டு மறந்துபோன ஒரு புல்லுத்தரை. ரொம்ப நாள் மாடு மேஞ்சுது. அப்புறம் கிளைடர் பழகுற சாருமாரு வந்தாங்க. அதுக்கு இஞ்சின் கெடையாது. கீழ ஒரு மோட்டார் கம்பியச் சுத்தி இழுக்கும், வண்டி பட்டம் மாதிரி மேல போயிக் கம்பிய விட்டுடும். எறங்குறது ஒரே தடவதான், தப்பாப் போனா திரும்ப ஏற முடியாது.

காத்துக்கு எதிராத்தான் எறங்கணும். அது எந்தப் பக்கம்னு காட்ட, புல்லுல ரெண்டு வெள்ளத்துணிய சுத்தியல் மாதிரி விரிச்சிருப்பாங்க. சுத்தியல் தலையப் பாத்து எறங்கணும். காத்து பாக்கத் தொங்கவிட்ட பை கிழிஞ்சுபோனதால அந்தத் துணிதான் எல்லாம்.

ஒரு ஞாயித்துக்கெழம மாமா ஒரு சாரோட கிளைடர்ல ஏறினாரு. சாருமாருக்கு ரெண்டு வருஷம் சட்டை தேச்சுக் குடுத்து, கெஞ்சி வாங்கின சவாரி. அம்மாவுக்குக் கூடப்பொறந்தது அவர் ஒருத்தர்தான். அம்மா மேல பாக்கவே இல்ல. பாத்தா விழுந்துருமாம்.

நான் கீழ பாத்தேன். அந்த வெள்ளத்துணி ஒரே அழுக்கு. எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? சுருட்டிட்டுப் போயி வாய்க்கால்ல அலசி, நீலமும் போட்டுட்டேன்.

"ஏதுடா இது?" ன்னாங்க அம்மா.

"அங்க கெடந்துச்சு. அழுக்கும்மா."

"அடப்பாவி, உன் மாமன் மேல இருக்கான்டா. ஓடு, போயி விரி."

ஓடினேன், பின்னாடியே அம்மாவும். ஈரத்துணி தொடையில அடிக்குது. வண்டியோட நெழல் சத்தமில்லாம என்னச் சுத்திச் சுத்தி வருது, ஒவ்வொரு சுத்துக்கும் பெருசாகுது.

"தலை எந்தப் பக்கம்மா இருந்துச்சு?"

"எடுத்தவன் நீ. என்னையக் கேக்குற?"

படகுல வந்த காயல் பக்கமா, கடல் பக்கமா? நெனவே வரல. கடல் பக்கம் வெச்சுட்டுக் கண்ண மூடிக்கிட்டேன்.

புல்லு உரசுற சத்தம் கேட்டுச்சு. தொறந்தா வண்டி முழுசா நிக்குது. மாமா எறங்கிப் புல்லுலயே உக்காந்துட்டாரு. அவர் வேட்டியப் பத்திச் சொல்ல மாட்டேன், தொவைச்சது நாங்கதான்.

ஓட்டின சார் நேரா எங்களப் பாத்து வந்தாரு. "ஆரா துணியத் திருப்பி வெச்சது?"

நான் அம்மா பொடவைக்குப் பின்னாடி.

"நான்தான் சாரே," ன்னாங்க அம்மா.

சார் கும்பிட்டாரு. வண்டி மேல இருக்கும்போதே கடல்காத்து கெளம்பிருச்சாம். துணியத் திருப்ப வேண்டிய சேட்டன்மாரு சாயாக்கடையில இருந்தாங்களாம். பழையபடி கெடந்திருந்தா காத்து பின்னாலேர்ந்து தள்ளி, வண்டி தென்னையில போயிச் சொருகியிருக்குமாம். அம்மாவுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டு குடுத்தாரு.

எனக்கு வயித்தெரிச்சல். வெச்சது நான், பேரு அவங்களுக்கா? ஒரு வாரம் அம்மாகூடப் பேசல. பிஸ்கட்ட மட்டும் தின்னேன்.

இப்ப அங்க பூரா வீடு. அம்மாவும் இல்ல. போன மழைக்காலத்துல சட்டை தேச்சுக்கிட்டு நிக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. "நான்தான்" னு அம்மா சொன்னப்ப, சார் கும்பிடப் போறாரா அடிக்கப் போறாரான்னு அவங்களுக்கும் தெரியா...

"யோவ், கதை சொன்னது போதும். காலர் கரியுது பாரு."

வீட்டுக்காரி. இருங்க, யாரோட சட்டைன்னு பாத்துட்டு வர்றேன்.