வேற்றுக்கிரகத்து ‘அது’

உத்திரமேரூர் ஏரி வற்றிக் கிடந்த கோடையில், வேற்றுக்கிரகத்து இயந்திரங்களை அங்கே கொண்டுவந்து இறக்கினேன். கதையில்தான். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். திருப்புலிவனத்திலிருந்து போக வர பஸ்ஸில் கழியும் நேரத்தில், உட்கார இடம் கிடைத்தால், போனில் கதை தட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து அதைக் குரலில் பதிவு செய்து இணையத்தில் போடுவோம். கல்யாண வீடியோ எடுக்கும் பாய் ஒருவர், கடைக்கு மேலே இருக்கும் அறையை எங்களுக்குத் தருவார். மைக்கும் அவருடையதுதான். கேட்பவர்கள் அதிகமில்லை. கேட்கிறவர்கள் விடாமல் கேட்பார்கள்.

என் இயந்திரங்கள் பிள்ளை பெறுவதில்லை. பழையது ஒன்று தன் பாகங்களைக் கொஞ்சம் கழற்றிக் கொடுக்கும், இன்னொன்று தன் நினைவில் கொஞ்சம் கொடுக்கும், அதிலிருந்து புதியது ஒன்று எழுந்து நிற்கும். இப்படிப்பட்டவற்றுக்கு ஆண் என்ன, பெண் என்ன? வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் எனக்கு ஒரு ருசி இருந்தது, அதை மறைக்க மாட்டேன். விடிவதற்கு முன்பு சமையல், பஸ் கூட்டத்தில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது, வீடு திரும்பினால் “பொம்பளைக்கு எதுக்குக் கதையும் கிதையும்” என்று ஒரு முனகல். இது எதுவுமே இல்லாத ஒரு பிறவியை எழுதும்போது என் தோள் இரண்டும் இறங்கி லேசானது.

தமிழ்தான் விடவில்லை. வந்தான், வந்தாள், வந்தது. ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் நின்றுகொண்டு, யார் என்று சொல், அப்புறம் போ என்றது. யோசிக்கிற ஜீவன் உயர்திணை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். என் இயந்திரம் யோசிக்கிறது, துணை ஒன்று செத்தால் துக்கம் கூட கொண்டாடுகிறது. அதை ‘அது’ என்றால் மாட்டோடும் வாளியோடும் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாயிடம் கேட்டேன்.

“அவருன்னு போட்டுருங்கம்மா,” என்றார். “மரியாதைக்கு மரியாதை. ஆம்பளையா பொம்பளையான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

போட்டுப் பார்த்தேன். தாலுகா ஆபீஸ் அதிகாரி ஏரிக்குள் இறங்கி வந்ததுபோல் இருந்தது. கடைசியில் ‘அது’ என்றே எழுதி முடித்தேன்.

தலைமை இயந்திரத்துக்குக் குரல் கொடுக்க வேண்டியவள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் சிநேகிதி. என்னைவிட வயதில் சிறியவள். பி.காம். படித்தவள். திருநங்கை. கல்யாண வரவேற்புகளில் மைக் பிடிப்பாள். துணிக்கடைத் தள்ளுபடி, நகைக்கடைத் திறப்பு என்று ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கரில் இந்தப் பக்கமெல்லாம் ஒலிப்பது அவள் குரல்தான். கனமான, அவசரமில்லாத குரல். “உனக்குன்னே ஒண்ணு எழுதியிருக்கேன்” என்று சொல்லிக் கதையை அவள் போனுக்கு அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடுகு நிறத்தில் புதுப் புடவை கட்டி, தலை நிறைய பூ வைத்துக்கொண்டு வந்தாள். கதையில், வற்றிய ஏரியில் மாடு மேய்க்கும் ஒருத்திதான் இயந்திரங்களை முதலில் பார்ப்பாள். அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மாட்டை அதட்டிக் கூப்பிடுவதுபோல் இவள் ஒரு குரல் கொடுத்தாள். பாய் திடுக்கிட்டுத் திரும்பிவிட்டுச் சிரித்தார்.

“எப்டிக்கா கீது? மாட்டுக்காரி நான்தானே? நாலு நாளா வூட்ல சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினு கீறேன்.”

“இல்லப்பா, மாட்டுக்காரி நான் பண்றேன்,” என்றேன். “உனக்கு அதவிடப் பெருசு. தலைமை இயந்திரம்.”

“அது ஆம்பளையா?”

“ஆம்பளையும் இல்ல, பொம்பளையும் இல்ல. அதான் உன் குரலு அதுக்கு அப்படியே பொருந்துது.”

பாராட்டாகத்தான் சொன்னேன். சொன்னபோது என் முகத்தில் சிரிப்புகூட இருந்தது. பாய் குனிந்து, சரியாகவே இருந்த ஒரு ஒயரைப் பிடுங்கி மறுபடியும் செருகினார். அவள் பையை ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு, “சரிக்கா, எந்தப் பக்கம்னு சொல்லுங்க,” என்றாள்.

அருமையாகச் செய்தாள். தொழில் தெரிந்தவள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நின்றுவிட்டாள். மாட்டுக்காரி, “நீ ஆணா, பெண்ணா?” என்று கேட்பாள். இயந்திரம், “எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை” என்று சொல்ல வேண்டும். முதல் முறை பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடி எடுக்கலாம் என்றாள். இரண்டாம் முறை ‘தொல்லை’ என்ற சொல்லுக்கு முன்னால் தண்ணீர் கேட்டாள். மூன்றாம் முறை சொல்லிவிட்டாள். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குச் சேர்ந்து நடந்தோம். வெயில் இறங்கியிருந்தது. சுண்டல் வாங்கி ஆளுக்குக் கொஞ்சமாகத் தின்றுகொண்டு போகும்போது கேட்டாள்.

“அக்கா, அந்த மிஷினுக்கு எதுக்கு ஆம்பள பொம்பள வேணாம்னு வெச்சீங்க?”

“புள்ள பெத்துக்கப் போறதில்ல இல்லியா? ஒண்ணையொண்ணு செஞ்சிக்குதுங்க. அப்புறம் எதுக்கு அது?”

“நானுந்தான் பெத்துக்கப் போறதில்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன்.

“நான் இயந்திரத்தப் பத்திதான் சொன்னேன்,” என்றேன்.

“தெரியும்க்கா. உங்க மனசுல ஒண்ணும் இல்லன்னும் தெரியும். மிஷினுக்கு வேணாம்னா எனுக்கு இன்னா? ஆனா வேணாம்னு அதுங்களா சொல்லுச்சி? நீங்கதானே சொன்னீங்க? உங்களுக்குப் பொம்பளையா கீறது பாரமா கீது. எறக்கி வெச்சா போதும்னு கீது. நான் அத்த தூக்கிக்கணும்னுதான் வூட்ட வுட்டே வந்தேன். எங்கிட்ட அத்த தொல்லைன்னு சொல்லச் சொல்றீங்க.”

“வேற ஆள வெச்சி எடுத்துடலாம்,” என்றேன், வாயில் வந்ததை.

“ஐய, வுடுக்கா. நல்லாதானே வந்துகீது,” என்று சொல்லிக் காலிப் பொட்டலத்தைக் கசக்கினாள். என் பஸ் வந்துவிட்டது.

ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அன்று ஒரு வரி தட்டவில்லை. அவள் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்துபோன நாள் ஞாபகம் வந்தது. அவள் தெருவைத் தாண்டுவதற்குள் என் மாமியார், “அது போயிடுச்சா?” என்று கேட்டார். “அது இல்ல, அவ,” என்று வெடுக்கென்று சொன்னேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை! மாமியாராவது வீட்டுக்குள், ஒருமுறை, யோசிக்காமல் சொன்னார். நான் வாரக்கணக்கில் யோசித்து, இலக்கணம் பார்த்து, அவளையே மைக் முன்னால் உட்காரவைத்து ‘அது’வாகப் பேச வைத்திருக்கிறேன். அதோடு கதையில் இருந்த ஒரே பெண்ணை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கதையைத் திருத்தினேன். பிள்ளை பெறாத உலோகத்துக்கு ஆண் பெண் எதற்கு என்ற கேள்வி இன்னமும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதற்கு எல்லாவற்றின் சார்பாகவும் நானே பதில் சொல்லிவிட்டேன், அதுதான் நியாயமில்லை. புதிதாக ஒரு காட்சி சேர்த்தேன். மாட்டுக்காரி கேட்டதும் தலைமை இயந்திரம் எனக்கு எதுவும் வேண்டாம் என்கிறது. அதன் பின்னால் நிற்கும் இன்னொன்று முன்னே வந்து, “என்னை அவள் என்று சொல்,” என்கிறது. “ஏன்?” என்கிறாள் மாட்டுக்காரி. “ஏன் என்று கேட்காமல் சொல்.”

எழுதியதும் கண் கலங்கியது. பாவம் கழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அனுப்பினேன். அவள் போன் செய்தாள்.

“நல்லா கீதுக்கா. நெஜமாவே. இந்த ரெண்டாவது மிஷினு எனுக்கா?”

“ஆமாப்பா,” என்றேன்.

“வேணாம்க்கா. அது பாட்டுக்கு கெடக்கட்டும். எனுக்கு அந்த மாட்டுக்காரி வேணும். மாடு வெச்சிக்கினு, வெயில்ல நின்னுக்கினு, சும்மா ஒரு பொம்பளையா.”

கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மறுபடி பதிவு செய்தோம். இயந்திரம் நான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே பேசினாள். மாட்டை அதட்டினாள், மூக்கைச் சிந்தினாள், இயந்திரத்தைப் பார்த்து, “இன்னா, எந்தூரு நீங்கல்லாம்? தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டாள். அந்தத் தண்ணீர் விஷயம் நான் எழுதாதது. பாய் பதிவை நிறுத்தாமலே தலையை ஆட்டினார். என் குரல் தகர டப்பாவைத் தட்டியதுபோல் இருந்தது. கேட்டவர்களில் சிலர் அதை எழுதியும் அனுப்பினார்கள். மாட்டுக்காரி யார் என்று எல்லோரும் கேட்டார்கள்.

இயந்திரமாகப் பேசிய அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவனாகவும் இல்லாமல் அவளாகவும் இல்லாமல் இருப்பது சுகமாக இருந்தது. முடிந்ததும் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் “உட்காரும்மா” என்று நகர்ந்து இடம் விட்டார். அந்த ‘அம்மா’வை நான் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை.

மன்னிப்பு கேட்டேன், நேரில், டீக்கடையில். “வுடுக்கா, அதையே புட்ச்சிக்கினு,” என்றாள். சிரித்தாள். டீக்கு அவளே சர்க்கரை கலக்கிக் கொடுத்தாள். இப்போதும் பேசுகிறோம், பதிவுக்கும் வருகிறாள். முன்பெல்லாம் மாதத்தில் ஒரு ஞாயிறாவது பதிவு முடிந்து என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள், என் மகளுக்கு மருதாணி வைப்பாள். இப்போது கூப்பிட்டால், “பாக்கலாம்க்கா, வேல கீது” என்கிறாள். அவள் ஏன் வரவில்லை என்று மகள் கேட்கிறாள். வேலை என்று நானும் சொல்லிவைக்கிறேன்.