வாசல் சுவரின் சிவப்புக் கோடு

அந்தப் பூங்காவின் வாசல் சுவரில், டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் குழந்தைக்குக் கட்டணம் இல்லை. திருவனந்தபுரத்தில் பாதிப் பேர் சிறுவயதில் அதைக் கடந்து உள்ளே போயிருப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அது கரமனையில் எங்கள் வீட்டுக் கூடத்து வாசல் நிலையிலிருந்து வந்தது. அப்போது எனக்கு ஏழு வயது.

அப்பா வேலை பார்த்த அலுவலகம்தான் நகரத்துப் பூங்காக்களைப் பார்த்துக்கொண்டது. எந்தப் பூங்காவுக்கு எவ்வளவு கட்டணம், படகுக்குத் தனியாக வாங்கலாமா, ஊஞ்சலுக்கு வாங்கலாமா கூடாதா என்றெல்லாம் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது அவர் வேலை. இது தெரிந்த நாளில் நான் வாயைப் பிளந்துவிட்டேன். அதுவரை கட்டணம் என்பது மழை, வெயில் மாதிரி தானாகவே இருக்கிற ஒன்று என்று நினைத்திருந்தேன். அதை ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து வைக்கிறார், அந்த மனிதர் எங்கள் வீட்டிலேயே ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. பழவங்காடியில் கடைக்காரர் சர்க்கரை நிறுக்கும்போதுகூட, இதற்கும் எங்கோ ஓர் அப்பா இருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் குளக்கரையில் ஒரு புதிய பூங்கா வரவிருந்தது. குட்டி ரயில், கூண்டு நிறையப் பறவைகள், யானை உயரத்துக்குச் சறுக்குமரம். ஏழு வயது வரை இலவசம் என்பது எல்லாப் பூங்காவிலும் இருந்த வழக்கம். அது எப்படி நடக்கிறது என்று பார்க்க அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பூங்கா ஒன்றுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

எங்களுக்கு முன்னால் ஒருவர் தன் பெண்ணோடு நின்றிருந்தார். வாசலில் இருந்தவர், "மோளுக்கு எத்தற வயசு?" என்று கேட்டார். "ஆறு" என்றார் அவர். அந்தப் பெண் நிமிர்ந்து, "எட்டு!" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவர் அவளை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அந்தப் பெண் மட்டும் தலையைத் திருப்பித் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அப்பா சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: "இனிமே கேட்டுல யாரும் கொழந்தைகிட்ட வயசு கேக்கப்படாது."

"கேக்காம எப்படித் தெரியுமாம்?"

"செவுத்துல ஒரு கோடு. தலை கோட்டுக்குக் கீழ இருந்தா உள்ள போக வேண்டியதுதான். அப்பனும் பொய் சொல்ல வேண்டாம், பொண்ணும் நெஜம் சொல்ல வேண்டாம்."

கோட்டை எந்த உயரத்தில் போடுவது? அதற்கு ஏழு வயதுக் குழந்தைகள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் போய் அளந்திருக்கலாம். ஆனால் அப்பா நவராத்திரி வரட்டும் என்று காத்திருந்தார். ஏன் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கொலு நாட்களில் எங்கள் தெருப் பெண்குழந்தைகள் வீடு வீடாக வருவார்கள். பொம்மைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டு, பிறகு குங்குமம், சுண்டல், அடுத்த வீடு. வழக்கமாக அந்த ஒன்பது நாளும் அப்பா, பெண்கள் கூட்டத்துக்குப் பயந்து, அலுவலகத்திலிருந்து வரவே நேரமாக்குவார். அந்த வருஷம் கூடத்து நிலைப் பக்கத்தில் முக்காலி போட்டு, கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். ஏழு வயதுக் குழந்தை என்றால் சுண்டலுக்கு முன்னால் அங்கே போய் நிற்க வேண்டும்.

"ஏன்னா, ஆத்துக்கு வரவாளை எல்லாம் தையக்காரன் மாதிரி அளந்துண்டு! நாளைக்கு எவ வருவா?" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

ஆனால் எங்களுக்கு அது பெரிய போட்டியாகிவிட்டது. யார் கோடு மேலே என்பதுதான் பேச்சு. மாமா பெண்ணும் நானும் ஒரே வயது. அவள் என்னைவிட உயரம், அதை ஒரு நாளும் சொல்லாமல் இருக்க மாட்டாள். அன்றைக்கும், "குள்ளக் கத்திரிக்கா, நீ முக்காலி மேல ஏறி நில்லு" என்றாள். நான் நிலையில் முதுகைச் சாய்த்து, பாவாடைக்குள்ளே குதிகாலைத் தூக்கினேன். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று அம்மாக்கள் பட்டுப் பாவாடையைத் தரையில் படும்படித்தான் தைப்பார்கள். உள்ளே கால் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்பா என் தலைக்கு மேல் பென்சிலால் கீறினார். மாமா பெண்ணின் கீறலுக்குச் சமமாக வந்தது. அவள் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. அவளும் குதிகாலைத் தூக்கியிருந்தாள் என்பது, நாங்கள் கல்லூரிக்குப் போன பிறகு அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அநேகமாக எல்லோருமே தூக்கியிருப்பார்கள்.

நவராத்திரி முடிந்ததும் அப்பா அந்தக் கீறல்களை வைத்து ஓர் உயரம் எடுத்தார். பூங்கா வாசலில் கோடு வரைந்தார்கள். அலுவலகத்தில் பெரிய சார் ஒத்துக்கொள்ளவில்லை. கோடு மேலே இருக்கிறது, பாதிக் குழந்தைகள் சும்மா நுழைந்துவிடும் என்றார். ஒரு விடுமுறை நாள் காலையில் தானே நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்.

"இவளைக் கூட்டிண்டு போறேன்" என்றார் அப்பா. "அந்தப் பட்டுப் பாவாடையே கட்டி விடு."

"பார்க்குக்கு யாராவது பட்டுப் பாவாடை கட்டிண்டு போவாளா? சறுக்கினா கிழிஞ்சு போயிடும்."

"பெரிய சார் வரார்" என்றார் அப்பா, அதுவே பதில் என்பது போல.

பூங்கா இன்னும் திறக்கவில்லை. புதுப் பெயின்ட் வாசனை. உள்ளே குட்டி ரயில் துணி போர்த்தி நின்றிருந்தது. பெரிய சார் கோட்டைப் பார்த்ததும் தன் தோளைத் தட்டிக்காட்டி, "சுவாமி, இதெந்தா? காலேஜ் பிள்ளேரும் ஃப்ரீயா உள்ளே கேறுமல்லோ!" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பழைய பூங்காவில் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்த மாதிரியே இருந்தது. அப்பா, ஏழு வயதுக் குழந்தைகளை அளந்துதான் வைத்தது என்றார். பெரிய சார் என்னைப் பார்த்தார். "இவளுக்கு ஏழுதானே? நிற்கட்டும். கணக்கு சரியில்லை என்றால் கோடு, கீடு ஒன்றும் வேண்டாம். பழையபடி வயதைக் கேட்டே விடலாம்."

கோட்டை நோக்கி நடக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. நேராக நின்றால் என் தலை கோட்டுக்கு வெகு கீழே இருக்கும். அப்பா பொய் சொன்னதாக ஆகும். பொய் நான் சொன்னது, நிலையில் சாய்ந்து நின்றபோது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டேன். குதிகாலைத் தூக்கினேன், முன்னைவிடவும் உயரமாக. கணுக்கால் வெடவெடவென்று நடுங்கியது.

அப்பா என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, தலை கோட்டை எங்கே தொடுகிறது என்று அண்ணாந்து பார்த்தார். பிறகு என் பாவாடைச் சுருக்கத்தை ஒருமுறை தரை வரைக்கும் நீவிவிட்டார். பெரிய மனிதர் முன்னால் நான் நன்றாகத் தெரிய வேண்டும் என்று செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கை கொஞ்சம்கூட அவசரப்படவில்லை.

பெரிய சார் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "ம். நல்ல வளர்ச்சிதான். மதி, மதி, இது போதும்" என்றார். அப்பா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

பூங்கா திறந்த நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அரைநிஜார்கள், ரிப்பன் ஜடைகள், அண்ணன் கையைப் பிடித்தவர்கள், தங்கையை இடுப்பில் தூக்கியவர்கள். எட்டு வயது இருக்கும், ஒன்பதுகூட இருக்கும், ஒல்லியாக வளராமல் நின்றுபோன குழந்தைகள் எத்தனையோ பேர் அந்தக் கோட்டின் கீழே ஆறு மாதிரி போய்க்கொண்டே இருந்தார்கள். யாரும் அவர்களை எதுவும் கேட்கவில்லை. குட்டி ரயில் ஊதியது. எனக்குப் புல்லரித்தது. இத்தனையும் என் குதிகாலால் நடக்கிறது, ஒரு நாள் யாராவது கண்டுபிடித்தால் அப்பாவின் வேலை போய்விடும் என்று மாதக்கணக்காகப் பயந்தேன். கவலைப்படுவதில் நான் அப்போதே தேர்ந்தவள்.

போன மாதம் மகனை அங்கே அழைத்துப் போனேன். விளையாடுவதற்கு என்று சொன்னேன், ஆனால் என் மனதில் இருந்தது கோடுதான். வயதுக்கு உயரம் போதாது, பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து நான் சரியாகத் தூங்குவதில்லை. பால் குறைவாகக் கொடுத்தேனா, அதட்டி ஊட்டியிருக்க வேண்டுமா, அதட்டியதால்தான் சாப்பிடவில்லையா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். அவனைச் சுவரோடு நிற்க வைத்தேன். அவன் மூச்சை இழுத்துக்கொண்டு குதிகாலைத் தூக்கினான். அரைக்கால் சட்டை, மறைக்க ஒன்றுமில்லை. டிக்கெட் ஜன்னலில் இருந்த அம்மாள்கூடப் பார்த்துவிட்டு, "மோனே, பறக்கப் போறியா?" என்று சிரித்தாள்.

தலை எங்கே வருகிறது என்று பார்க்க நான் அவன் பக்கத்தில் குந்தினேன். அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் கண்ணில் பட்டது அவன் கால்தான். அங்கே அப்படி உட்கார்ந்தால் வேறு எதுவும் முதலில் படாது. நடுங்கும் கணுக்கால், தரையிலிருந்து எழும்பி நிற்கும் குதிகால். பாவாடையாக இருந்திருந்தால், தரையைத் தொட வேண்டிய ஜரிகை மூன்று விரல் மேலே தொங்கியிருக்கும்.

அலுவலகத்துக் குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர் அப்பா. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நவராத்திரிக்குக் காத்திருந்தார். பட்டுப் பாவாடையே கட்டி விடு என்றார். குந்தி உட்கார்ந்து, அவசரமில்லாமல், தரை வரைக்கும் நீவிவிட்டார். நான்தான் அவரை ஏமாற்றிக் காப்பாற்றியதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் ஒசரமா? சொல்லு, ரயில் போயிடும்" என்றான் மகன், பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் கால் விரலில் நின்றபடியே.

குதிகாலைக் கீழே வை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "நல்ல ஒசரம்டா" என்று சொல்லி, அவன் சட்டையை ஒருமுறை நீவிவிட்டேன்.