சிக்னே ஆள் எடுத்த விதம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்குச் செய்தி வந்தது. முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் நகராட்சிப் பிரிவின் தலைவி சிக்னே தூக்கத்திலேயே இறந்துவிட்டார் என்று அவர் கணவர் தொலைபேசியில் சொன்னார். துணைத் தலைவி அன்னெலி, அன்று போகவேண்டிய முதியவர்களின் வீடுகளைப் பிரித்துக்கொடுத்து எல்லோரையும் அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

யோர்டானோஸ் மட்டும் போகாமல் நின்றாள். அவளுடைய தற்காலிக வேலை அன்று மாலையோடு முடிகிறது. நிரந்தர வேலைக்கு அன்று காலையில் கையெழுத்துப் போடுவதாகச் சிக்னே சொல்லியிருந்தார்.

"இன்னைக்குக் கேக்கக் கூடாதுதான். ஆனா வேலை இல்லன்னா மகளைப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்திட்டு வேற ஊருக்குப் போகணும், அன்னெலி."

முன்பு, ஆள் எடுக்கும் அதிகாரத்தை நகராட்சி அந்தந்தப் பிரிவுக்கே விட்டபோது மற்ற தலைவர்கள் சலித்துக்கொண்டார்கள். சிக்னேவுக்கு மகிழ்ச்சி. நேர்காணலை அலுவலகத்தில் வைப்பதை அன்றோடு நிறுத்தினார். வந்தவரை, அவர்கள் பராமரித்துவந்த கிழவர் எவால்டின் சமையலறைக்கு அழைத்துப்போய், காப்பிக்குப் பால் எடுக்கச் சொல்வார். எவால்டைக் கேட்காமல் குளிர்பெட்டியைத் திறந்தவருக்கு வேலை இல்லை. யோர்டானோஸ் கேட்டாள்.

"திற, திற. உள்ள கரடி எதுவும் இல்ல," என்று எவால்ட் சிரித்தார்.

அன்னெலி நகராட்சிப் பணியாளர் அலுவலகத்தை அழைத்தாள்.

"அது உங்க பிரிவோட அதிகாரம். நாங்க யோசனைதான் சொல்லலாம்," என்றார் அங்கிருந்தவர்.

"அதிகாரம் இருந்தவ செத்துட்டாளே."

"அப்போ வட்டாரத் தலைவர் ஹோக்கான்தான் பொறுப்புக்கு ஆள் போடணும். ஆனா அவர் வேட்டைக்குப் போயிருக்காரு."

செப்டம்பரில் பெருங்கொம்பு மான் வேட்டை தொடங்கினால் ஊரில் பாதிப் பேர் காட்டில்தான். ஏழாவது அழைப்பில் ஹோக்கான் கிசுகிசுத்தார்.

"மெதுவாப் பேசு. முன்னாடி மான் நிக்குது."

"சிக்னே போயிட்டா, ஹோக்கான்."

இந்த முறை அவர் உரத்த குரலிலேயே கேட்டார். மான் ஓடியிருக்கும்.

"என்ன வேணும், சொல்லு."

"யோர்டானோஸுக்குக் கையெழுத்துப் போட ஆள் வேணும்."

"நீயே போடு. உன்னைப் பொறுப்பாப் போட்டு இப்பவே எழுதி அனுப்புறேன். ஆனா அந்தப் பொண்ணை நீ பாத்து எடுக்கலையே?"

"சிக்னே பாத்தா. அது போதும்."

மதியம் கையெழுத்தானது. யோர்டானோஸ் தாளை இரண்டு முறை படித்து, மடித்து வைத்துக்கொண்டு, எவால்டின் வீட்டுக்குக் கிளம்பினாள்.

யோர்டானோஸுக்குக் கொடுக்கவேண்டிய அலமாரிச் சாவியைத் தேடி அன்னெலி சிக்னேவின் இழுப்பறையைத் திறந்தாள். சாவியோடு, அலமாரிக் கதவில் ஒட்டவேண்டிய பெயர்ச்சீட்டும் இருந்தது. எழுத்து சிக்னேவுடையது. 'யோர்டா' வரை எழுதியிருந்தது.