ஒரு பெயரில் சிக்கிக்கொண்ட சர்வர்

விதி இதுதான்: வந்த கோரிக்கைக்கு முப்பது வினாடிக்குள் பதில் தர முடியாவிட்டால், அந்தக் கோரிக்கை இறந்ததாகக் கருதப்பட வேண்டும், அதை விலக்கிவிட்டு இயந்திரம் அடுத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். புனேயில், ஹிஞ்சேவாடியில், ஒரு மென்பொருள் கம்பெனியின் நடைமுறைக் கையேட்டில் இந்த வரியை எழுதியவன் நான். ‘இறந்ததாக’ என்ற சொல் கொஞ்சம் அதிகம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அரசாங்கத்தில் கோப்பு பார்த்தே தலை நரைத்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பேய், பிசாசு, குறி, ஜாதகம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவி என்று ஒன்று இருந்து அதற்கு ஏதாவது தேவைப்பட்டால் உரிய அலுவலகத்தில் விண்ணப்பிக்கட்டுமே என்பது என் கட்சி. அதோடு இது இரவில் நடந்ததும் இல்லை. நாய் ஊளையிடவில்லை, மல்லிகை மணக்கவில்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில், பட்டப்பகலில், கையில் டீ டம்ளரோடு நின்றபோது ஆரம்பித்தது. நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டுவிட்டு மட்டும் போங்கள்.

பணி ஓய்வு பெற்றபின் அந்தக் கம்பெனியில் என்னை எதற்கு எடுத்தார்கள் என்றால், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எல்லாவற்றுக்கும் எழுதிவைத்த நடைமுறை கேட்பார்கள், அங்கே இருந்த பிள்ளைகளுக்கோ நிரல் எழுத வரும், ஒரு பாரா எழுத வராது. அதனால் நான். 2004-இல் கம்பெனி ஓர் அறக்கட்டளைக்கு இலவசமாக ஓர் இணையதளம் செய்து கொடுத்தது. மகாராஷ்டிராவின் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் ஆதரவில்லாமல் கிடக்கிறவர்களின் பட்டியல் அதில் ஏறும், காணாமல்போனவர்களைத் தேடுகிறவர்கள் பெயரைத் தட்டினால் அந்தப் பட்டியலில் தேடிச் சொல்லும். நல்ல காரியம். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது.

பிறகு நின்றது. நின்றது என்றால் மின்சாரம் போய் நிற்கவில்லை. சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், முழு மூச்சாக ஓடும், ஆனால் யாருக்கும் பதில் சொல்லாது. அணைத்துப் போட்டால் சில நிமிஷத்தில் மறுபடி அதே கதை. என் முப்பது வினாடி விதி எங்கே போயிற்று என்று கேட்டேன். ஏதோ ஒரு கணக்கில் மூழ்கியிருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கக்கூட அதற்குத் தோன்றாது என்று விளக்கினான் நிஷிகாந்த். பெயர் வாங்கித் தேடும் பகுதியை எழுதிய குழுவின் தலைவன் அவன், சாங்லிக்காரன், கூட்டத்தில் என்னை ‘சார்’ என்பான், வெளியே வந்தால் ‘காகா’, மராத்தியில் சித்தப்பா.

ஒவ்வொரு தடவையும் அது சிக்கியிருந்தது ஒரே பெயரில். புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு சைபர் கஃபேயிலிருந்து வந்த கோரிக்கை. வேண்டுமென்றே யாரோ சர்வரை முடக்குகிறார்கள், இது தாக்குதல்தான் என்று பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர் அறிக்கை கொடுத்தார். அந்த கஃபேயைத் தடுத்தார்கள். மறுநாள் அதே பெயர் மறுபடி வந்து உட்கார்ந்தது, இந்த முறை எந்த வெளி முகவரியிலிருந்தும் இல்லை.

“காகா, இது உள்ளேயிருந்து வருது,” என்றான் நிஷிகாந்த், இந்தியில், குரலைத் தாழ்த்தி.

அதற்குக் காரணம் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. பதில் சொல்லி முடிக்காத கோரிக்கைகளை இயந்திரமே சேமித்துவைத்து, விழித்ததும் மறுபடி தனக்கே கொடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். இதைச் சொல்வது எதற்கென்றால், விளக்கம் கிடைக்கிற இடத்தில் எல்லாம் நான் விளக்கத்தை எடுத்துக்கொண்டேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நிர்வாகம் போலீஸுக்குப் போகத் தயாரானது. எதிர்த்தரப்பின் விளக்கத்தைக் கேட்காமல் புகார் கொடுப்பது நடைமுறை இல்லை என்று நான் தடுத்தேன். அப்படியானால் நீங்களே போய்க் கேளுங்கள், பெயரைப் பார்த்தால் உங்கள் ஊர்தான் என்றார்கள்.

எஸ்தர், கேம்பில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். நம்ம தெற்கத்தி நாசரேத்திலிருந்து பாட்டன் காலத்தில் பட்டாளத்தோடு வந்த குடும்பம். இரண்டு அறை வீடு, சுவரில் இயேசு படம், அதன் கீழே சட்டையில் தொழிற்சாலை அடையாள அட்டையோடு ஓர் ஆளின் போட்டோ. தம்பி. ஞானம் என்று கூப்பிடுவார்களாம். சாகணில் பைக் தொழிற்சாலையில் வேலை. ஒரு காலையில் கம்பெனி பஸ் ஏறினவன் தொழிற்சாலை வாசலில் இறங்கவில்லை. வழியில் எங்கே இறங்கினான் என்று பஸ்ஸில் இருந்த யாருக்கும் ஞாபகம் இல்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, காதல் இல்லை. ஒரு வருஷம் ஓடிவிட்டது.

நான் தாக்குதல் விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரு தடவைதான் சார் பட்டனை அமுக்கினேன். கஃபேக்காரன் தூக்கத்தில எழுப்புற மாதிரி வந்து, மேடம் பந்த் கர்னா ஹை, கடையை மூடணும்ங்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன். அவ்வளவு பெரிய கம்பெனி, என் தம்பி பேரைக் கேட்டதும் மூர்ச்சை போட்டு விழுந்திட்டா அதுக்கு நானா பொறுப்பு?”

பெயரை எப்படி அடித்தீர்கள் என்று கேட்டேன். இங்கேதான் விஷயம். படிவம் மராத்தி வழக்கப்படி இருந்தது: பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். மூன்றும் நிரம்பாமல் நகராது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இங்கே வந்த ஒவ்வொரு தமிழனும் ரேஷன் கார்டிலிருந்து காஸ் கனெக்ஷன் வரை இந்தக் கட்டத்தில் எதையாவது போட்டுச் சமாளித்தவன்தான். எஸ்தர் பெயரில் ஞானப்பிரகாசம் தேவசகாயம் என்று போட்டாள், அப்பா பெயரில் வேதநாயகம் ராஜமாணிக்கம், குடும்பப் பெயரில் ஊரைப் போட்டு, பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி கடைசியில் இனிஷியலும் ஒரு புள்ளியும்.

திரும்பி வந்து சொன்னதும் நிஷிகாந்த் தலையில் கைவைத்துக்கொண்டான். மூன்று கட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து, பெயர் ஒழுங்கான வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு வரி எழுதியிருந்தான், ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பார்கள். எழுத்துகள் சில, வேண்டுமானால் ஓர் இடைவெளி, இப்படி எத்தனை துண்டு வேண்டுமானாலும். புள்ளிக்கு அதில் இடம் இல்லை. புள்ளியைப் பார்த்ததும் ‘தவறு’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அது சொல்லாது. தவறு பெயரில் இல்லை, தான் பெயரைத் துண்டு போட்ட விதத்தில்தான் என்று நினைத்துக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து வேறு மாதிரி பிரிக்கும். ஞா தனியாக, மீதி தனியாக. பிறகு ஞானப், பிறகு பிரகாசம். எங்கெல்லாம் வெட்ட முடியுமோ அங்கெல்லாம் வெட்டிப் பார்க்காமல் தோல்வியை ஒப்புக்கொள்ளாது. பெயரில் ஓர் எழுத்து கூடினால் வேலை இரண்டு மடங்கு. குட்டிப் பெயர்களில் இது தெரியவே தெரியாது, சோதனை செய்தவர்கள் எல்லாம் ஜோஷியும் பாட்டீலும் என்று தட்டிப் பார்த்துத் திருப்தியடைந்திருந்தார்கள். என் சர்வீஸில் நான் பார்த்த எந்த குமாஸ்தாவுக்கும் இப்படி ஒரு மனசாட்சி கிடையாது.

இந்தப் பெயரை அது எப்போது முடிக்கும் என்று கேட்டேன். பேப்பரில் கணக்குப் போட்டான். “நம்ம பேரனோட பேரன் காலத்துலயும் முடியாது காகா. முடிஞ்சாலும் ஒரே பதில்தான், பெயர் தவறு.”

வரியைத் திருத்தி, தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றினார்கள். புகார் யோசனை கைவிடப்பட்டது. நானே எஸ்தரைக் கூப்பிட்டு, புதிய சர்வரில் தம்பியின் பெயரைத் தேடி, இல்லை என்ற பதிலைச் சொன்னேன். கோப்பை மூடிவிடலாம் என்று நினைத்தேன்.

“அது புது மெஷின் சொல்றது சார். நான் முதல்ல கேட்ட மெஷின் இன்னும் யோசிச்சிட்டுத்தானே இருக்கு? இல்லைன்னு சொல்றதா இருந்தாலும் அதுவே சொல்லட்டும். நீங்களா நிறுத்தாதீங்க.”

சிரிப்பீர்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் நடைமுறைப்படி பார்த்தால் அவள் சொன்னதில் ஓட்டை இல்லை: மனுவை வாங்கிய அலுவலகம்தான் பதில் தர வேண்டும், பக்கத்து அலுவலகம் தந்தால் செல்லாது. அதற்கும் மேலே, எனக்கே ஆர்வம் பற்றிக்கொண்டது. நிஷிகாந்திடம் சொன்னேன். ஒதுக்கிப்போட்டிருந்த அந்தப் பழைய இயந்திரத்திலேயே பழைய வரியையும் அந்தப் பெயரையும் மட்டும் விட்டுவைத்து மற்றதை அழித்தான், கணக்கு முடிந்தால் எஸ்தருக்கு மெயில் போகும்படி செய்து ஸ்டோர் ரூமில் வைத்தான். கவனியுங்கள், அதில் ஆஸ்பத்திரிப் பட்டியல் கிடையாது. ஒரு பெயர், ஒரு வரி, ஒரு முகவரி.

அது ஓடியது. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது ஸ்டோர் ரூமுக்குள் எட்டிப்பார்த்து அதன் முதுகில் கை வைப்பேன். சுடும். ஜுரம் கண்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்று நிஷிகாந்த் கிண்டல் செய்வான், ஆனால் அவனும் போய்ப் பார்ப்பான் என்பது எனக்குத் தெரியும். எஸ்தர் எப்போதாவது போன் செய்வாள். ஓடுதா சார் என்பாள். ஓடுது என்பேன். வேறு பேச்சு இல்லை.

2007 கோடையில் கம்பெனி வேறு கட்டடத்துக்கு மாறியது. பழைய சாமான்களைக் கழித்துக் கட்டும் குழுவில் நான் இருந்தேன், ஸ்டோர் ரூம் இயந்திரமும் அந்தக் கணக்கில் வந்தது. விதிப்படி கழிக்கும் இயந்திரத்தின் டிஸ்கை அதிகாரி முன்னிலையில் உடைக்க வேண்டும். என் கண்ணெதிரே சுத்தியலால் உடைத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அன்றே எஸ்தரிடம் சொன்னேன்.

“பதில் வராதுன்னு சொல்றீங்களா, இல்ல இனிமே கேக்காதேன்னு சொல்றீங்களா?” என்றாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் அவளிடமிருந்து போன். வாரத்துக்கு ஒரு தடவைதான் கஃபேக்குப் போய் மெயில் பார்ப்பாள். பதில் வந்திருக்கு சார், சில நாள் ஆச்சு போல, இப்பதான் பார்த்தேன் என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. மாலை போய்ப் பார்த்தேன். எங்கள் பழைய இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்த மெயில். தம்பியின் முழுப் பெயர், புள்ளி உட்பட. கீழே ‘பொருந்துகிறது’ என்று ஒரு சொல். அதற்கும் கீழே சாங்லி பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பெயர்.

நிஷிகாந்த் விளையாடினான் என்று நினைத்து அவனிடம் கோபமாகப் பேசினேன். அவன் அழாக்குறையாக, “காகா, அதுக்கு ‘தவறு’ன்னு மட்டும்தான் சொல்லத் தெரியும். வேற வார்த்தையே நான் எழுதலை,” என்றான். அடுத்த நாள் அவன் காரில்தான் மூன்று பேரும் போனோம்.

ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஞானப்பிரகாசம் என்று யாரும் இல்லை. எஸ்தர் போட்டோவைக் காட்டினாள். நர்ஸ் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். கிணற்றடியில் தாடியோடு ஓர் ஆள் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். சாலையோரம் அடிபட்டுக் கிடந்தவனைக் கொண்டுவந்து சேர்த்தார்களாம், எத்தனையோ நாளாக இங்கேதான், பேச மாட்டான், பெயர் தெரியாது, பதிவில் ‘ஆண்’ என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் ஏற வழியே இல்லை. எஸ்தர் கிட்டே போய் உட்கார்ந்தாள். அவனுக்குப் பதிலாக அவளே வாளியைக் கழுவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் அவள் தோளில் தலையைச் சாய்த்தான்.

நர்ஸ் எங்களிடம் மராத்தியில் ஒன்று சொன்னாள். ஒரே ஒரு தடவை பேசினானாம். கணபதியைக் கரைத்த மறுநாள் காலை, எல்லாரும் அலுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, யாரோ கூப்பிட்ட மாதிரி சட்டென்று எழுந்து நின்று ஏதோ சொன்னான். என்ன பாஷை என்று அவளுக்குத் தெரியவில்லை, ஓசை மட்டும் ஞாபகம் இருந்தது. “வாரேன்,” என்று சொல்லிக் காட்டினாள்.

ஞானம் தேறுவதற்குப் பல மாதம் ஆனது. இப்போது நன்றாகப் பேசுகிறான், சர்ச்சில் பாடுகிறான். நாங்கள் கம்ப்யூட்டர் விஷயத்தை அவனிடம் சொன்னதில்லை, எஸ்தரும் சொல்லவில்லை, நான் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவனாக ஒரு நாள் சொன்னது இது.

“அங்க இருந்தப்ப யாரோ என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க அங்கிள். ஆனா சரியா கூப்பிடத் தெரியல. பேரைத் துண்டு துண்டா வெட்டி வெட்டிச் சொல்லுவாங்க, தப்பாப் போகும், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க. வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு இருந்திட்டேன். பாவம், விடவே இல்ல. ஒரு நாள் முழுசா வந்தது.”

இந்த விவகாரத்துக்கென்று நான் கம்பெனியில் திறந்த கோப்பு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள யாரும் இல்லாததால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கேட்டவர், கேட்ட பொருள், கையாண்ட அலுவலகம் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. பதில் தந்தவர் என்ற இடத்தில் யாரை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து திறந்து மூடியிருக்கிறேன், இன்றும் அது காலிதான். அதற்கு அடுத்த வரியில் மட்டும் எழுத எனக்குத் தயக்கம் இல்லை, மெயிலிலேயே இருந்தது. பதில் வந்த நாள்: 2007, கணபதியைக் கரைத்த மறுநாள், காலை.